ஹழ்ரின் கதவைத் திறந்தவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்ப் பெண்கள் மதரஸாவில் இப்னு ஹிஷாமின் ஸீரத்து நூலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பிறப்புக்கு முந்திய அரபு நாட்டு நிலைமைகளைக் கூறும் பகுதி அது. ஹீரா நாட்டு மன்னன் நுஃமான் இப்னு முன்திரின் குலவழியைப் பேசுமிடத்தில், நூலாசிரியர் சற்றே வழி விலகி, ஹழ்ர் என்னும் பாலைவனக் கோட்டை நகரின் கதைக்குள் புகுகிறார். மாணவப் பருவத்தில் நான் விரும்பிப் படித்த கதை அது. ஆசிரியனான பின் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையும் அதுவே.

கதை இதுதான். ஹழ்ரின் மன்னன் பெயர் ஸாத்திரூன். பாரசீகப் பேரரசன் ஸாபூர் அவனுடைய கோட்டையை முற்றுகையிட்டு ஈராண்டு காத்துக் கிடந்தான், மதில் அசையவில்லை. மன்னனுக்கு நழீரா என்றொரு மகள். மதில்மேல் நின்று கீழே பார்த்தவள், பட்டாடையும் மணிமுடியுமாய் நின்ற ஸாபூரின் அழகில் மயங்கினாள். என்னை மணந்துகொள்வாயா, கோட்டைக் கதவைத் திறந்து விடுகிறேன் என்று தூது விடுத்தாள். அவன் இசைந்தான். இரவில் குடிமயக்கத்தில் உறங்கிய தந்தையின் தலைமாட்டிலிருந்து சாவியை எடுத்து, பணியாள் ஒருவனிடம் கொடுத்தனுப்பினாள். நகரம் வீழ்ந்தது, தந்தை கொல்லப்பட்டான், அவள் ஸாபூரின் மனைவியானாள். ஓரிரவு அவள் உறக்கமின்றிப் புரண்டாள். விளக்கேற்றிப் பார்த்தபோது, படுக்கையில் ஒரு மிர்ட்டில் இலை கிடந்தது. அந்த இலை உறுத்தியதால் உறக்கம் போயிற்றாம். “உன் தந்தை உன்னை எப்படி வளர்த்தான்?” என்று கேட்டான் ஸாபூர். பட்டில் கிடத்தினார், எலும்பின் மச்சையை ஊட்டினார் என்று அவள் அடுக்கினாள். “அவருக்கு நீ செய்த கைம்மாறு இதுவென்றால், எனக்கு இதைவிட விரைவில் செய்வாய்” என்று சொல்லி, அவள் கூந்தலைக் குதிரையின் வாலில் கட்டி ஓட விட்டான்.

பெற்றவருக்குத் துரோகம் இழைத்த பெண்ணின் கதி இதுவென்று சொல்லி முடிப்பது என் வழக்கம். அன்றும் அவ்வாறே முடித்தேன். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஹழ்ரத், அந்தப் பேச்சு படுக்கையறையில் இருவருக்கு மட்டும் நடந்தது. அவர்களில் ஒருத்தி உடனே கொல்லப்பட்டாள். அப்படியானால் இதை நமக்கு அறிவித்த ராவி யார்?” என்று கேட்டாள். ஹதீஸ் பாடத்தில் நானே கற்றுக்கொடுத்த கேள்விதான். ஆயினும் அன்று, “அதிகப் பேச்சு வேண்டாம், உட்கார்” என்று அவளை அமர்த்திவிட்டேன். வகுப்பு முழுவதும் தலை குனிந்தே இருந்தாள். விடை தெரியாதபோது ஆசிரியர்கள் கோபத்தின் பின்னே ஒளிந்துகொள்வது உண்டு. அன்று நான் செய்ததும் அதுவே.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பக்தாதில் கௌதுல் அஃழம் முஹ்யித்தீன் ஆண்டகை அவர்களையும் அஃழமிய்யாவில் இமாம் அபூ ஹனீஃபா அவர்களையும் ஸியாரத் செய்யச் சென்ற ஒரு குழுவுடன் நானும் இராக் சென்றேன். குழுவினர் தெற்கே புறப்பட்ட நாளில், நான் இரண்டு நாள் விடை பெற்று வடக்கே மோசுல் சென்றேன். அந்த மாணவியின் கேள்வி அத்தனை ஆண்டுகளாக நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. ஹழ்ரைக் கண்ணால் காணவேண்டும் என்பதைத் தவிர அப்பயணத்துக்கு வேறு காரணம் இல்லை.

மோசுலிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பாலைவனம் என்றதும் நாம் நினைக்கும் மணற்குன்றுகள் அங்கு இல்லை. சாம்பல் நிற மண், கூழாங்கல், சுண்ணாம்புப் பாறை. எட்டுத்திசையும் கண்ணை மறிக்க எதுவுமில்லாத சமவெளி. மாசி மாதமாகையால் ஆங்காங்கே மெல்லிய பசும்புல் முளைத்திருந்தது. ஆடுகள் அதைத் தேடித் தேடி மேய்ந்தன. கோடை பிறந்தால் இதுவும் கருகிவிடும் என்றார் வண்டியோட்டி. காவற்சாவடிகளில் நின்று நின்று சென்றோம். தர்தார் ஓடை நகருக்குக் கிழக்கே மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில் ஓடுகிறது. திக்ரீசு ஆறோ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், பழைய அஷூர் நகரின் அருகே. யூப்ரட்டீசு இன்னும் வெகு தொலைவு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸீரத்து நூலில் ஹழ்ர் யூப்ரட்டீசின் கரையிலுள்ள பெருங்கோட்டை என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை ஆண்டாண்டாக ஓதி, ஆற்றின் சலசலப்பையும் சேர்த்து வருணித்தவன் நான். நேரில் வந்து நின்றால், ஆறும் இல்லை, கரையும் இல்லை. எழுதியவர் இந்த இடத்தைக் கண்டவர் அல்லர் என்பது வண்டியை விட்டு இறங்கிய கணமே விளங்கிவிட்டது.

நகரம் வட்ட வடிவானது. குறுக்களவு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வெளியே அகழி, அதையடுத்து மதில். கல்லால் அடித்தளம், அதன்மேல் பச்சைச் செங்கல் கட்டு. மதிலின் சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குமேல். அதில் நூற்றறுபதுக்கு மேற்பட்ட கொத்தளங்கள். நான்கு திசைக்கும் நான்கு வாயில்கள். வாயிலுக்குள் நேராக நுழைய முடியாது. திரும்பித் திரும்பித்தான் உள்ளே போகவேண்டும். நுழைபவனின் பக்கவாட்டு எப்போதும் மதில்மேல் நிற்பவனின் அம்புக்கு இலக்காகும்படி அமைத்திருக்கிறார்கள். நகரின் நடுவே, ஏறத்தாழ நானூற்று முப்பது மீட்டர் நீளமும் முந்நூற்றிருபது மீட்டர் அகலமும் உள்ள நாற்சதுர வளாகம்; அதனுள்ளே கோயில்கள். சூரியனை ஷமஷ் என்ற பெயரால் வணங்கியவர்கள் ஹழ்ர் மக்கள். அவர்களுடைய காசுகளில் ‘ஷமஷின் ஹத்ரா’ என்று அரமாயிக் எழுத்தில் பொறித்திருக்கிறது. ஹத்ரா என்பதற்கு அடைப்பு, வேலி என்று பொருள் கூறுவர். அரபியில் ஹழ்ர் என்றானபோது, நாடோடி வாழ்வுக்கு எதிரான குடியமர்ந்த வாழ்வு என்னும் சாயை அச்சொல்லுக்கு ஏறிற்று. நம் மாணவர்கள் எம்மை அழைக்கும் ஹழ்ரத் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். வாயிலில் நிற்கையில் இது நினைவுக்கு வந்து நகைப்பூட்டிற்று.

பேரளவான ஈவான்கள் வளாகத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. முன்புறம் சுவரின்றித் திறந்து, மேலே வளைகூரை கவிந்த மண்டபமே ஈவான். ஈரானிலும் இராக்கிலும் பின்னாளில் எழுந்த பள்ளிவாசல்களில் நாம் காணும் ஈவான்களுக்கு முன்னோடி வடிவத்தைக் கல்லில் இங்குக் காணலாம். நிழலில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் தகிக்க, உள்ளே குளுமை தங்கியிருந்தது.

இந்நகரின் மன்னர்கள் தங்களை ‘அரபியரின் வேந்தர்’ என்று கல்வெட்டுகளில் குறித்துக்கொண்டார்கள். சிரியாவின் நமாராவில் கிடைத்த இம்ருல் கைஸின் கல்லறைக் கல்வெட்டை அரபு வரலாறு படிப்போர் அறிவர், அது கி.பி. 328ஆம் ஆண்டினது. அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னரே ஹழ்ரின் ஸனத்ரூக் அந்தப் பட்டத்தைப் பூண்டிருந்தான். ஹழ்ரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அரமாயிக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. 1907 முதல் 1911 வரை வால்ட்டர் அந்திரே தலைமையில் ஜெர்மானியர் அளந்து வரைந்தார்கள். 1951 முதல் இராக்கியத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தார்கள். அவர்களில் ஃபுஆத் ஸஃபர், முஹம்மத் அலீ முஸ்தஃபா ஆகிய இருவரும் 1974இல் ‘அல்-ஹழ்ர் மதீனத்துஷ் ஷம்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். ஹழ்ரைப் பற்றி அரபியில் இன்றும் முதலில் கையிலெடுக்க வேண்டிய நூல் அது.

கல்வெட்டுகளில் ஒன்று என்னை வெகு நேரம் நிறுத்திவைத்தது. நகர வாயிலில் கி.பி. 151-152ஆம் ஆண்டில் பொறித்தது. இம்மதிலுக்குள் திருடுபவன் உள்ளூரானாயின் இன்ன மரணம், வெளியூரானாயின் கல்லெறி மரணம் என்று அது விதிக்கிறது. தண்டனையைவிட, அதை விதித்தவர்கள் யார் என்பதே நோக்கத்தக்கது. அரச ஆணை என்று அதில் இல்லை. ஹழ்ரின் முதியோரும் இளையோரும், ஹழ்ரில் வாழும் அரபியர் அனைவரும் ஒன்றுகூடி இசைந்த முடிவு என்று எழுதியிருக்கிறது. நாம் ஜாஹிலிய்யா என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டுக் கடந்துபோகும் காலத்தில், பாலைவன நகரொன்று தன் சட்டத்தைத் தானே கூடிப் பேசி வகுத்திருக்கிறது.

இனி முற்றுகைகளுக்கு வருவோம். ஹழ்ரை முற்றுகையிட்டவர்கள் எளியவர்கள் அல்லர். கி.பி. 116-117இல், பாரசீகத் தலைநகர் வரை வென்று வந்த ரோமப் பேரரசன் டிராஜனே நேரில் வந்தான். நிகழ்ச்சியைக் கூறும் வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ, ஹழ்ர் பெரிய நகருமல்ல, வளமான நகருமல்ல என்றே தொடங்குகிறார். சுற்றிலும் பாலைவனம், நீர் சொற்பம், அதுவும் நல்ல நீர் அன்று, மரமில்லை, தீவனமில்லை. ஆகவே பெரும்படை நெடுநாள் தங்க முடியாது. நகரைக் காத்தது இந்த வறுமைதான். உள்ளே இருந்தவர்களுக்கு மழைநீர் தேங்கும் பள்ளமும் கிணறுகளும் இருந்தன. வெளியே முற்றுகையிட்டவனுக்கு ஒன்றுமில்லை. டிராஜன் அரச உடையைக் களைந்துவிட்டுக் குதிரைமேல் மதிலருகே சென்றானாம். நரைத்த தலையின் மிடுக்கைக் கண்டு இவனே மன்னன் என்று ஊகித்த ஹழ்ர் வில்லாளர் அவன்மேல் எய்தார்கள். உடன்வந்த குதிரைவீரன் ஒருவன் மாண்டான். இடியும் ஆலங்கட்டி மழையும் ஒருபுறம்; உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் மொய்த்த ஈக்கள் ஒருபுறம். பேரரசன் திரும்பிப் போனான். விரைவில் நோயுற்று 117இல் இறந்தான்.

அடுத்து ஸெப்டிமியஸ் ஸெவெரஸ்; 198, 199ஆம் ஆண்டுகளில் இருமுறை முயன்றான். ஹழ்ர் மக்கள் நிலத்திலிருந்து ஊறும் நஃப்து எண்ணெயைக் கொளுத்தி எறிந்து அவனுடைய பொறிகளை எரித்தார்கள். நச்சுப் பூச்சிகளை மட்பாண்டங்களில் அடைத்து மதிலிலிருந்து வீசினார்கள் என்கிறார் ஹெரோடியன். இரண்டாம் முற்றுகையில் வெளிமதிலின் ஒரு பகுதி உண்மையிலேயே இடிந்தது. வீரர்கள் உள்ளே பாயத் துடித்தார்கள். ஸெவெரஸோ பின்வாங்கும் சைகை கொடுத்தான். அடிமைகளாவதை அஞ்சி அரபியர் தாமே சரணடைவார்கள், சூரியன் கோயிலின் செல்வம் சேதமின்றித் தன் கைக்கு வரும் என்பது அவன் கணக்கு. ஒருநாள் காத்திருந்தான். யாரும் வரவில்லை. இரவோடிரவாக இடிந்த மதில் மீண்டும் எழுந்து நின்றது! மறுநாள் தாக்கச் சொன்னபோது ஐரோப்பிய வீரர்கள் மறுத்துவிட்டார்கள். சிரியரை விரட்டியடித்து அனுப்பினான். அவர்கள் மதிலடியில் மடிந்தார்கள். ஐந்நூற்றைம்பது ஐரோப்பிய வீரர்களைத் தந்தால் நகரைப் பிடித்துத் தருகிறேன் என்று தளபதி ஒருவன் சொல்ல, அத்தனை பேருக்கு நான் எங்கே போவேன் என்றானாம் பேரரசன். இருபது நாளில் முற்றுகையைக் கைவிட்டான்.

இடிந்த மதிலை ஓரிரவில் எழுப்பிய கைகள் யாருடையவை? டியோ அதைச் சொல்லவில்லை. ஆண்கள் மதில்மேல் வில்லுடன் நின்ற இரவு அது. கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் பெண்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது என்று அந்த மதிலடியில் நின்றபோது எனக்குத் தோன்றியது. இது என் ஊகம். வரலாறாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டா.

அத்தகைய நகரம் எப்படி வீழ்ந்தது? 224இல் பார்த்தியப் பேரரசு சரிந்து, ஸாஸானியரின் முதல்வன் அர்தஷீர் எழுந்தான். அவனும் சில ஆண்டுகளில் ஹழ்ரைத் தாக்கித் தோற்றான். ஆனால் காற்றுத் திசை மாறிவிட்டதை ஹழ்ர் உணர்ந்தது. நேற்றுவரை பகைவராயிருந்த ரோமரைக் கூட்டாளிகளாக்கிக்கொண்டது. நகரில் கிடைத்த இலத்தீன் கல்வெட்டுகள் மூன்றில் ஒன்று 235ஆம் ஆண்டினது. மற்றொன்று பேரரசன் கோர்டியன் காலத்தது. வட ஆப்பிரிக்க மூர்களின் ஒன்பதாம் படைப்பிரிவை அது குறிப்பிடுகிறது. மக்ரிபிலிருந்து வந்த வீரர்கள் ஜஸீராப் பாலைவனத்தில் அரபு மதிலைக் காத்து நின்றிருக்கிறார்கள்! முற்றுகையாளர் நகரைச் சுற்றி எழுப்பிய மண்ணரணின் தடத்தையும் அவர்களின் பெரும் பாசறையின் தடத்தையும் வானிலிருந்து எடுத்த படங்களில் ஆய்வாளர்கள் இனங்கண்டிருக்கிறார்கள். நகரைச் சுற்றி மற்றொரு மதிலே கட்டி, உள்ளே எவரும் வரவோ, வெளியே எவரும் போகவோ இயலாதபடி அடைத்துவிட்டான் பாரசீகன். ரோமரால் செய்ய முடியாத வேலை இது. அதற்குக் காலமும் உணவும் நீரும் வேண்டும். அவற்றை ஏற்பாடு செய்யத் தெரிந்தவன் வென்றான்.

வீழ்ந்த ஆண்டு நமக்குத் தெரியவந்த விதம் வியப்புக்குரியது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஒரு தோற்சுவடி இருக்கிறது. எகிப்திலிருந்து வந்தது, கிரேக்க மொழியில் எழுதியது. அதன் ஏடு ஒன்றின் உயரம் நாலரை சென்டிமீட்டர்தான், தாயத்துக்குள் அடங்கிவிடும். 1970இல் அதை அறிஞர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். மானி மதத்தை நிறுவிய மானியின் வாழ்க்கை அதில் உள்ளது. எனக்கு இருபத்துநான்கு வயதானபோது, பாரசீக வேந்தர் அர்தஷீர் ஹத்ராவை அடக்கிய அந்த ஆண்டில், அவர் மகன் ஷாபூர் முடிசூடினார் என்று மானி கூறுவதாக அதில் வருகிறது. கணக்கிட்டால் கி.பி. 240. மானி அக்காலத்தில், அதே நாட்டில் வாழ்ந்தவர். நம் ஹதீஸ் கலைச் சொல்லில் கூறினால், காலமும் இடமும் பொருந்திய சாட்சி.

இனி நம் நூல்களைப் பார்ப்போம். ஹழ்ரை வென்றவன் ஸாபூர் துல் அக்தாஃப் என்று ஸீரத்து கூறுகிறது. அவன் இரண்டாம் ஷாபூர். ஆண்டது 309 முதல் 379 வரை. ஆனால் 363இல் பேரரசன் ஜூலியன் போரில் மாண்டபின், ஜோவியனின் தலைமையில் ரோமப் படை பின்வாங்கி இவ்வழியே வந்தது. உடன்வந்த அம்மியானஸ், ஹத்ரா பாலைவன நடுவே நெடுங்காலமாகக் கைவிடப்பட்டுக் கிடந்த பழம்பதி என்று எழுதுகிறார். முன்னே இருந்த வறண்ட வெளிக்கு அஞ்சி, அங்கே பாண்டங்களில் நன்னீர் நிரப்பிக்கொண்டார்களாம், ஒட்டகங்களையும் அறுத்தார்களாம். துல் அக்தாஃபின் காலத்தில் ஹழ்ர் பாழாகி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இந்தப் பிழையை நம்மவர்களே கண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருமை. தபரி இக்கதையை அர்தஷீரின் மகனான முதலாம் ஷாபூரின் வரலாற்றில் வைத்தார். ஸீரத்துக்கு உரை எழுதிய அந்தலூசியாவின் ஸுஹைலீ, துல் அக்தாஃப் வெகு காலம் பிந்தியவன் என்று சுட்டினார். இப்னு கதீர் அதை எடுத்து எழுதினார். ஓதிக்கொடுத்த நானோ உரையைத் திறந்து பார்க்கவில்லை.

மன்னன் பெயரும் ஒன்றாயில்லை. ஸீரத்தில் ஸாத்திரூன், தபரியில் ழைஸன். ஸாத்திரூன் என்பது ஸனத்ரூக் என்னும் உண்மைப் பெயரின் தேய்வு என்று தெரிகிறது. முற்றுகைக் காலம் ஒரு கூற்றில் ஈராண்டு, மற்றொன்றில் நான்காண்டு. தபரியின் வடிவில் சாவி இல்லை. புறாவின் காலில் மந்திரம் எழுதிப் பறக்கவிட்டால் மதில் இடியும் என்னும் தாயத்துக் கதை இருக்கிறது. மாறாதிருப்பது ஒன்றே ஒன்று: பெண்ணின் துரோகம். மெகாரா நகரின் மன்னன் மகள் ஸ்கில்லா, பகைவன்மேல் காதல் கொண்டு தந்தையைக் காட்டிக்கொடுத்ததாகக் கிரேக்கர் கதை சொன்னார்கள். தார்ப்பேயா என்ற கன்னி கோட்டையைத் திறந்துவிட்டதாக ரோமர் சொன்னார்கள். அசையாத மதில் வீழ்ந்துவிட்டால் தோற்றவருக்கு ஆறுதல் வேண்டும்: நம் வீரம் குறையவில்லை, நம் மதில் பழுதில்லை, ஒரு பெண் கெடுத்தாள். வென்றவனுக்கும் அக்கதை வசதியே. நகரை அழித்தவன், துரோகியைத் தண்டித்த நீதிமானாக மாறிவிடுகிறான்.

மாலைக்குள் மோசுல் திரும்ப வேண்டியிருந்தது. புறப்படுமுன் ஈவானின் சுவரை அண்ணாந்து பார்த்தேன். உயரத்தில் கல்லில் செதுக்கியிருந்த முகங்கள் சிதைந்திருந்தன. 2014இல் இப்பகுதியைப் பிடித்த ஆயுதக் கும்பல், 2015இல் ஏணி வைத்து ஏறிச் சம்மட்டியால் உடைத்தும் துப்பாக்கியால் சுட்டும் அவற்றை அழித்துப் படமெடுத்துக் காட்டியது. இராக்கிலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதல், 1985இல், இடம்பெற்ற ஊர் இது; 2015இல் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலுக்குப் போயிற்று. 2017 ஏப்ரலில் மீட்கப்பட்டது. இழப்பு அஞ்சிய அளவுக்கு இல்லை என்றாலும் இழப்பு இழப்புதான். உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் மோசுல் முஸ்லிம்கள் வசமாயிற்று. அன்று முதல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி அந்த முகங்கள் இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாகூத் இந்நகரைப் பற்றி எழுதும்போது, அறுபது பெருங்கொத்தளங்கள், இரண்டிரண்டுக்கு இடையே ஒன்பது சிறுகொத்தளங்கள் என்று வியந்து எண்ணினாரேயன்றி, இடிக்கச் சொல்லவில்லை. முந்தைய சமூகத்தாரின் முடிவைப் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை ஏவுகிறது. பார்ப்பதற்கு ஏதேனும் மிஞ்சியிருந்தாலன்றோ பார்க்க இயலும்?

வண்டியோட்டி மோசுல்காரர். வழியெல்லாம் அதிகம் பேசாதவர், திரும்பும்போது சொன்னார்: “யா ஷெய்க், சிலை உடைத்தோம் என்றார்கள். 2014இல் எங்கள் ஊரில் யூனுஸ் நபியின் பள்ளியை வெடி வைத்துத் தகர்த்தார்களே, அங்கே என்ன சிலை இருந்தது?” என்னிடம் சொல்ல ஏதுமில்லை.

பக்தாது திரும்பியதும், ஊருக்கு விமானமேறும் முன், தேசிய அருங்காட்சியகம் சென்றேன். ஹழ்ரின் சிலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. வலக்கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டி நிற்பது அந்நகரத்துச் சிலைகளுக்குப் பொதுவான கோலம். அவற்றிடையே ஒரு பெண்; உயர்ந்த தலையணி, அடுக்கடுக்காய் மடிந்து விழும் ஆடை. அடியிலுள்ள கல்வெட்டு அவள் பெயரைச் சொல்கிறது: துஷ்ஃபரி, அப்துஸமியாவின் மகனான ஸனத்ரூக் மன்னனின் மகள். ஸெலூக்கிய ஆண்டு 549 என்று பொறித்திருக்கிறது, கி.பி. 237-238. நகரம் வீழ இரண்டே ஆண்டுகள் முன்பு. துஷ்ஃபரிக்கும் ஒரு மகள் இருந்தாள். அவள் பெயரையும் கல் காத்து வைத்திருக்கிறது: ஸிமீ.

ஸாத்திரூனுக்கு உண்மையிலேயே ஒரு மகள் இருந்திருக்கிறாள். அவள் மதில்மேல் நின்று மயங்கிய கன்னி அல்லள். பிள்ளை பெற்ற தாய். அவள் ஊரார் மதித்துச் சிலை நிறுத்திய பெண். முற்றுகையின்போது அவளுக்கும் ஸிமீக்கும் என்ன நேர்ந்தது என்று எந்தக் கல்லும் கூறவில்லை. அவள் கதவைத் திறந்தாள் என்றும் எந்தக் கல்லும் கூறவில்லை. நழீரா என்ற பெயரை ஹழ்ரின் கல்வெட்டு எதிலும் நான் படித்ததில்லை. காவலர் மூடும் நேரம் என்று வந்து சொல்லும்வரை அச்சிலையின் எதிரே நின்றிருந்தேன். உயர்த்திய அந்த உள்ளங்கை, நில் என்று சொல்வது போலவே எனக்குப் பட்டது.

ஊர் வந்ததும் ஸீரத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இப்னு ஹிஷாம் தமக்கு அச்செய்தி வந்த வழியை மறைக்கவில்லை. கல்லாத் இப்னு குர்ரா கூறினார். அவர் ஜன்னாதிடமிருந்து, அல்லது குலவழி அறிந்த கூஃபாவாசிகளில் யாரோ சிலரிடமிருந்து. நுஃமான் ஹழ்ரின் மன்னன் ஸாத்திரூனின் வழிவந்தவன் என்று ‘யுகாலு’, அதாவது, சொல்லப்படுகிறது. ‘அல்லது யாரோ சிலர்’. ‘சொல்லப்படுகிறது’. அந்த மாமனிதர் தம் கடமையைச் செய்துவிட்டார். இது உறுதியான செய்தி அன்று என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார். அந்த முதல் வரியை விரைந்து ஓதிக் கடந்து, கதைக்குப் பாய்ந்தது நான்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது வேறோர் ஊரில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா. அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ கேட்ட ராவி இல்லை என்றும், அன்று உன்னை உட்காரச் சொன்னது என் பிழை என்றும் அதில் எழுதினேன். துஷ்ஃபரியின் கல்வெட்டையும் அரமாயிக் எழுத்தில் பார்த்து வரைந்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஸலாமுக்குப்பின் அவள் கேட்டிருந்தது ஒன்றே: “ஹழ்ரத், ஸிமீக்கு அப்போது என்ன வயதிருக்கும்?”

இவ்வாண்டு வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, ‘யுகாலு’ என்ற சொல்லில் நிறுத்தி, மாணவியரை அதை இருமுறை ஓதச் சொன்னேன்.